புற்றுக்கட்டியின் அக்கம்பக்கம்

புற்றுநோய் என்றதும் எங்கள் மனதில் வருவது ஒரு கெட்ட கலம் (உயிரணு). அது பெருகும், கட்டியாகும், பரவும், அதை வெட்டியோ கதிர் கொடுத்தோ மருந்து ஏற்றியோ அழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததும் இவ்வளவுதான். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அது முழுவதும் இல்லை. மிச்சம் அந்தக் கலத்தைச் சுற்றி இருக்கிற இழையத்தில் இருக்கிறது. கிளினிக்கில் இதை ஆறுதலாக இருத்தி யாரும் விளங்கப்படுத்துவதில்லை, ஒரு காலைப்பொழுதில் அத்தனை பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய வைத்தியரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. முல்லைத்தீவிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் விடிய முன்னமே பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருகிற சனமும், மகரகமவில் இருக்கும் தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு அங்கே பாஷை விளங்காமல் நிற்கிற சனமும் தங்களுக்குள் கதைத்துக்கொள்கிற கேள்விகள் நிறைய உண்டு. ஒரே நோய், ஒரே மருந்து, அவருக்குக் கேட்டது இவருக்கு ஏன் கேட்கவில்லை? கட்டியை முழுதாக எடுத்த பிறகும் ஏன் கதிர்ச் சிகிச்சை? வெற்றிலையை இனி விட்டென்ன விடாமலென்ன? இவற்றில் பலவற்றுக்கு அந்தச் சுற்றுப்புற இழையத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் ஓரளவு பதில் கிடைக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, கல்லுப்போல இருக்கிறது என்று சொல்லுவார்கள் இல்லையா? புற்றுக் கலங்கள் தங்களளவில் அப்படிக் கல்லாக இருப்பவை இல்லை. விரலுக்கு வன்மையாகத் தெரிவதில் பெரும்பங்கு, அந்தக் கலங்களைச் சுற்றிப் படிந்திருக்கிற கொலாஜன் என்கிற நார்ப்புரதம். அதைச் சுரப்பது நாரரும்பர் என்ற கலம், அது எங்கள் சொந்த உடம்பின் சாதாரணக் கலம், காயம் பட்டால் அந்த இடத்தை நார் போட்டு மூடுவதே அதன் வேலை. அதோடு கட்டிக்குள் குருதிக்கலன்கள் இருக்கும், நிணநீர்க் கலன்கள் இருக்கும், நரம்பு இருக்கும், கொழுப்புக் கலங்கள் இருக்கும், நோயை எதிர்க்க வந்த வெண்குழியங்கள் பல வகையில் இருக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கட்டியின் நுண்சூழல் என்கிறார்கள். சில புற்றுநோய்களில் இந்தச் சுற்றுப்புறமே கட்டியின் பெரும்பகுதி. கணையப் புற்றை எடுத்தால், கட்டியின் பருமனில் 80 வீதம் வரைகூட நாரும் அதைச் சார்ந்தவையுமாக இருக்கலாம், புற்றுக் கலங்கள் அதற்குள் ஆங்காங்கே சிறு சிறு கூட்டமாகத்தான் கிடக்கும். அப்படியென்றால் கட்டி என்று நாங்கள் சொல்வதில் பெரும்பாலானது புற்றே இல்லாத, எங்கள் உடம்பே கட்டிக்கொடுத்த பாகம். இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உண்மையாகவே அதிர்ச்சியாக இருந்தது.

இந்த எண்ணம் புதிது ஒன்றும் இல்லை. 1889 இல் இலண்டனில் ஸ்டீபன் பஜட் என்ற அறுவை மருத்துவர், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். புற்றுக் கலங்கள் குருதியோடு உடம்பு முழுக்கப் போகின்றன என்றால், எல்லா உறுப்பிலும் சமமாகத்தானே முளைக்க வேண்டும்? ஆனால் ஈரலிலும் எலும்பிலும் அடிக்கடி வருகிறது, மண்ணீரலுக்கும் குருதி தாராளமாகப் போகிறது, அங்கே அரிதாகத்தான் வருகிறது. அவர் சொன்ன விளக்கம் விதையும் மண்ணும். விதை எங்கும் பறக்கும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். வன்னியில் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரே மூட்டை விதைநெல்லில் பாதியை இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள வயலிலும் மீதியைக் கரையோரத்து உவர் நிலத்திலும் விதைத்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்று எந்தக் கமக்காரருக்கும் தெரியும். ஆனால் மருத்துவ உலகம் பஜட்டை நெடுங்காலம் பெரிதாக எடுக்கவில்லை. 1928 இல் ஜேம்ஸ் யூவிங் என்ற அமெரிக்க நோயியலாளர், அப்படி ஒன்றும் இல்லை, குருதி எந்தப் பாதையில் ஓடுகிறதோ அந்தப் பாதையில் முதலில் வரும் உறுப்பில் கலங்கள் சிக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான் என்றார், அந்தக் கருத்தே நிலைத்தது. 1970களிலும் 80களிலும் அய்சையா ஃபிட்லர் எலிகளில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் பஜட் சொன்னதைத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை உண்டு. கலம் எங்கே போய் நிற்கும் என்பதைக் குருதியோட்டம் பெருமளவு முடிவு செய்கிறது, நின்ற இடத்தில் அது பிழைக்குமா என்பதை அந்த இடத்து இழையம் முடிவு செய்கிறது.

எலும்பை எடுத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். எலும்பு ஒருநாளும் சும்மா இருப்பதில்லை, ஒரு வகைக் கலம் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். மார்புப் புற்றின் கலம் அங்கே வந்து சேர்ந்தால், எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிற பொருட்களைச் சுரக்கிறது. எலும்பு கரையும்போது அதற்குள் சேமிப்பில் இருந்த வளர்ச்சிப் பொருட்கள் வெளியே வருகின்றன. அதைக் கொண்டு புற்றுக் கலம் இன்னும் வளர்கிறது, வளர்ந்து இன்னும் கரைக்கச் சொல்கிறது. எலும்புக்குப் பரவிய நோயாளிகளுக்குக் கீமோ என்கிற புற்று மருந்தோடு சேர்த்து சொலெட்ரோனிக் அமிலம் போன்ற ஓர் ஊசி ஏற்றுவார்கள், பலர் அதையும் இன்னொரு புற்று மருந்து என்றே நினைக்கிறார்கள். அந்த மருந்து போய்ப் பிடிப்பது எலும்பைக் கரைக்கும் கலங்களை. நோவு குறையும், எலும்பு முறிகிற ஆபத்தும் குறையும். புற்றுக் கலத்தைக் குறிவைக்காமல் அது இருக்கிற இடத்துக்கு வைத்தியம் செய்வது என்றால் என்ன என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி ஒரு கோழிக் கதை. 1911 இல் பேடன் ரவுஸ் என்பவர், கோழிகளில் வரும் ஒரு புற்றுக்கு வைரஸ் காரணம் என்று காட்டினார், அதற்கு 1966 இல்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள், அது வேறு கதை. அந்த வைரஸை வளர்ந்த கோழிக்கு ஊசியால் ஏற்றினால் ஏற்றிய இடத்தில் கட்டி வரும். 1984 இல் மினா பிஸ்ஸல் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவரும் அதே வைரஸை முட்டைக்குள் இருக்கும் இளம் முளையத்துக்கு ஏற்றிப் பார்த்தார்கள். வைரஸ் கலங்களுக்குள் போனது, அதன் மரபணு வேலையும் செய்தது, கட்டி வரவில்லை. அந்தக் கலங்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுக் கலங்களாக மாறின. அடுத்த ஆண்டு இன்னொன்றையும் காட்டினார்கள்: கோழியின் ஒரு செட்டையில் வைரஸை ஏற்றி, மற்றச் செட்டையில் ஒரு காயத்தை உண்டாக்கினால், காயம் பட்ட இடத்திலும் கட்டி வருகிறது. காயம் ஆறும்போது சுரக்கிற பொருட்கள் அந்த இடத்தைப் புற்றுக்கு வசதியாக்கிவிடுகின்றன. 1986 இல் ஹரல்ட் டுவோராக் என்ற நோயியலாளர், கட்டிகள் என்பவை ஆறாத காயங்கள் என்றே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காயம் பட்டால் உடம்பு என்ன செய்யும்? புதுக் குருதிக்கலன் வளர்க்கும், நாரரும்பர்களைக் கூப்பிடும், வெண்குழியங்களை அனுப்பும், கலங்களைப் பெருகச் சொல்லும், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தும். கட்டிக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது, நிறுத்துகிற கட்டம் மட்டும் வருவதே இல்லை.

இந்த இடத்தில் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, கத்தி பட்டால் புற்று பரவும் என்று எங்கள் ஊர்களில் இருக்கிற பயம். மேலே சொன்ன கோழிப் பரிசோதனையை வைத்துக்கொண்டு அந்தப் பயத்துக்கு யாரும் விஞ்ஞானச் சாயம் பூசக் கூடாது. அது வைரஸ் ஏற்றப்பட்ட கோழி. மனிதரில் கட்டியாக இருக்கும் பல புற்றுகளுக்கு, நேரத்தோடு செய்யப்படும் அறுவைச் சிகிச்சைதான் குணமாவதற்கான மிகப் பெரிய வழி. பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) எடுக்கப் பயந்து மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டும் பத்துப் போட்டுக்கொண்டும் இருந்துவிட்டு, கட்டி உடைந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைக் கொன்றது கத்தி இல்லை, போன காலம்.

மற்றது வன்னிக்கென்றே முக்கியமானது. போர்க்காலத்தில் எரிகாயமும் செல் (எறிகணை) காயமும் பட்ட எத்தனையோ பேர் எங்களோடு இருக்கிறார்கள். சிலருக்கு அந்தத் தழும்பு அடிக்கடி உடைந்து புண்ணாகும், ஆறும், திரும்ப உடையும், சிலருக்கு வருடக்கணக்கில் ஆறாமலே கிடக்கும். இப்படி நெடுங்காலம் ஆறாத புண்ணிலும் எரிகாயத் தழும்பிலும் அரிதாகத் தோற்புற்று வரலாம். 1828 இல் பிரான்ஸ் அறுவை மருத்துவர் மார்ஜொலின் இப்படியான தழும்புப் புண்களை விவரித்தார், அவருடைய பெயரிலேயே மார்ஜொலின் புண் என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் காயம் பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தே வரும். அரிது என்பதை அழுத்திச் சொல்கிறேன், தழும்பு இருக்கிற எல்லாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் பழைய புண்ணின் விளிம்பு தடித்து மேலெழுந்தால், தொட்டாலே இரத்தம் வந்தால், முன்பு இல்லாத நாற்றமோ நோவோ வந்தால், மாதக்கணக்கில் மருந்து கட்டியும் ஆறாமல் பெருத்துக்கொண்டே போனால், மருந்து கட்டுவதோடு மட்டும் நிற்காமல் இதில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 2009 இல் போர் முடிந்து இத்தனை வருடம் போய்விட்டது, இனித்தான் இதைக் கவனிக்க வேண்டிய காலம்.

அப்புறம் வாய். இதைத்தான் நான் கொஞ்சம் விரித்துச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் சுற்றுப்புற இழையம் முதலில் கெட்டுப் பிறகு புற்று வருவதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இதுதான், அது எங்கள் வீடுகளிலேயே நடக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னுக்கு நிற்பது வாய்ப்புற்று. வெட்டுக் காலத்தில் வயலில் நிற்கிறவர்கள், இரவிரவாகக் கடலில் நிற்கிறவர்கள், செத்தவீட்டில் விடிய விடிய இருக்கிறவர்கள், வெற்றிலைத் தட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு கதைக்கிற ஆச்சிமார், எல்லார் வாயிலும் பாக்கு. புகையிலைதான் ஆபத்து, வெறும் பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985 இலேயே சொல்லிவிட்டது, 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை இல்லாத வெற்றிலையையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருட்கள் என்றே முதலாம் வகுப்பில் சேர்த்தது.

பாக்கு என்ன செய்கிறது? அதில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே இருக்கும் நாரரும்பர்களைத் தூண்டுகிறது, அவை தேவைக்கு மேல் கொலாஜனைப் போடுகின்றன. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிற ஒரு நொதியத்துக்குச் செம்பு தேவை, ஆகவே போட்ட நார் இறுகியும் போகிறது. உடம்பு வழமையாகப் பழைய கொலாஜனைக் கரைத்து அகற்றும், அந்த வேலையும் குறைகிறது. சுண்ணாம்பும் பாக்கின் சொரசொரப்பும் நாள் முழுக்கத் தோலை உரசிப் புண்ணாக்கிக்கொண்டே இருப்பதால் அழற்சி ஓய்வதில்லை. விளைவாகக் கன்னத்து உட்தோல் வெளிறி, மினுக்கம் போய், இறுகிவிடுகிறது, குருதியோட்டமும் குறைகிறது, மேலே மூடியிருக்கும் தோற்படை மெலிகிறது. முதல் அறிகுறி பெரும்பாலும் உறைப்புச் சாப்பாடு சாப்பிட முடியாத எரிவு. அப்புறம் கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவினால் கயிறுபோல நார் தட்டுப்படும். கடைசியில் வாய் திறக்காது. உங்கள் கையின் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள், பொதுவாக மூன்றும் போகும். பாக்குப் போடுகிற ஒருவருக்கு இரண்டுதான் போகிறது என்றால் அவர் பல் வைத்தியரிடம் போக வேண்டியவர்.

இது இன்னும் புற்று இல்லை, சளிமென்சவ்வின் கீழ் நார் படியும் நோய். ஆனால் இப்படி மாறிப்போன இழையத்தின் மேல் இருக்கும் கலங்களில் புற்று வருகிற சாத்தியம், சாதாரண வாயில் இருப்பதை விடப் பல மடங்கு கூட. கலத்தின் மரபணுவும் பழுதாகிறது, கீழே இருக்கும் இழையமும் கெடுகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடுகின்றன. இன்னொரு வருத்தமான உண்மை, படிந்த நார் பாக்கை விட்டாலும் முழுதாகக் கரைந்து போகாது. ஆனால் மேலும் படிவது குறையும், புற்றுக்கான ஆபத்தும் இறங்கும். பெட்டிக்கடைகளில் தொங்குகிற இனிப்புப் பாக்குப் பைக்கற்றுகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கிச் சப்புவதைப் பார்த்தும் நாங்கள் பேசாமல் இருக்கிறோம். வெற்றிலை போடும் அப்புவைத் திருத்தப் போய் வீட்டில் சண்டை பிடிப்பதை விட, அந்தப் பிள்ளையின் கையில் இருப்பதைப் பறிப்பது அவசரம்.

வாய்ப்புற்றை வெட்டி எடுத்த பிறகும் வைத்தியர் பாக்கைத் தொடாதே என்று ஏன் சொல்கிறார் என்பதற்கும் இங்கேதான் விடை. 1953 இல் அமெரிக்காவில் ஸ்லோட்டரும் கூட இருந்தவர்களும் வாய்ப்புற்று நோயாளிகள் 783 பேரின் இழையங்களை ஆராய்ந்தார்கள். கட்டிக்கு வெளியே, பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த தோலிலும் கலங்கள் மாறியிருந்தன. எங்கள் ஆட்களிலும் இதே கதைதான்: வாய் முழுக்கத்தான் பாக்குச் சாறும் புகையும் பட்டது, ஒரு இடத்தில் மட்டும் அது முதலில் கட்டியாக எழுந்தது. கட்டியை எடுத்தாலும் மாறிய பரப்பு மிஞ்சி இருக்கும். அதனால்தான் வெட்டும்போது சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கிறார்கள், சிலருக்குப் பிறகு கதிர்ச் சிகிச்சையும் கொடுக்கிறார்கள், வருடக்கணக்கில் கிளினிக்குக்கு வரச்சொல்லி வாயைத் திறந்து பார்க்கிறார்கள். சுகம்தானே என்று அந்தக் கிளினிக்கை விடுவது பெரிய பிழை.

இனிக் குருதிக்கலன்களுக்கு வருவோம். ஒரு கட்டி ஒன்று, இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்கென்று குருதிக்கலன்கள் வேண்டும், ஒட்சிசன் அதற்கு மேல் தூரம் ஊறிப் போகாது. கட்டி தானே ஒரு பொருளைச் சுரந்து பக்கத்தில் இருக்கும் குருதிக்கலன்களைத் தன் பக்கம் கிளைவிட வைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971 இல் ஜூடா ஃபோக்மன் எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. 2004 இல் அந்த வழியில் வேலை செய்யும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அது அதிசயம் செய்யவில்லை, பல புற்றுகளில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் சில மாதங்கள் கூடுதலாக நோயைப் பிடித்து வைக்கும், அவ்வளவே.

கட்டிக்குள் வளரும் குருதிக்கலன்கள் ஒழுங்கானவை இல்லை. வளைந்து நெளிந்து, சில இடத்தில் வீங்கி, சில இடத்தில் முட்டுச்சந்தாக முடிந்து, சுவரில் இடைவெளியோடு ஒழுகிக்கொண்டு இருக்கும். ஒழுகிய நீர் வடிந்துபோக வழி இல்லாததால் கட்டிக்குள் அழுத்தம் கூடும். கையில் ஊசி போட்டு ஏற்றுகிற கீமோ குருதியோடு கட்டி வரை வரும், உள்ளே இருந்து வெளியே தள்ளுகிற அந்த அழுத்தத்துக்கு எதிராக ஆழம்வரை இறங்குவது கடினம். நார் நிறைந்த கணையப் புற்றுக்கு மருந்து சரியாகக் கேட்பதில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பரிசோதனைக் கூடத்தில் தட்டில் வைத்து ஊற்றும்போது சாகிற அதே கலம் உடம்புக்குள் சாகாமல் தப்புகிறது. 2001 இல் ரக்கேஷ் ஜெயின் என்ற விஞ்ஞானி இதைக் கொண்டு நேர்மாறாகச் சிந்தித்தார். குருதிக்கலன்களை அழிக்க நினைப்பதை விட அவற்றைக் கொஞ்சம் ஒழுங்காக்கினால் மருந்தும் ஒட்சிசனும் நன்றாக உள்ளே போகுமே என்றார். பெவாசிசுமாப் போன்றவை கீமோவோடு சேரும்போது உதவுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒட்சிசன் விஷயம் கதிர்ச் சிகிச்சைக்கு மிக முக்கியம். கதிர் படும்போது கலத்தின் டிஎன்ஏயில் உண்டாகும் சேதத்தை ஒட்சிசன் நிலைக்க வைக்கிறது. ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல அண்ணளவாக இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். கட்டியின் நடுவில் குருதி போகாத இடங்கள் இருக்கும், அங்கே பதுங்கும் கலங்கள் கதிருக்குத் தப்பும். கதிரை ஒரே நாளில் கொடுக்காமல் வாரத்தில் ஐந்து நாளாகப் பிரித்து ஆறு, ஏழு வாரம் வரைகூடக் கொடுப்பதற்கு இருக்கும் காரணங்களில் ஒன்று இது: ஒவ்வொரு முறையும் வெளியில் இருக்கும் கலங்கள் செத்து, உள்ளே இருப்பவற்றுக்குக் கொஞ்சம் ஒட்சிசன் கிடைக்க, அடுத்த கதிருக்கு அவை அகப்படுகின்றன. இன்னொரு காரணம், நல்ல இழையத்துக்குச் சேதத்தைத் திருத்திக்கொள்ள நேரம் கொடுப்பது. ஆகவே இடையில் கலியாணவீடு, திருவிழா, பஸ் காசு இல்லை என்று நாட்களை விட்டால் சிகிச்சையின் பலன் குறையும். போக்குவரத்துத்தான் சிக்கல் என்றால் தங்குமிடம், உதவி பற்றி வைத்தியசாலையில் முதல் நாளே வாய் திறந்து கேளுங்கள்.

புகைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகரெட், சுருட்டு, பீடி எதிலிருந்து வந்தாலும் காபனோரொட்சைட்டு வாயு செங்குழியங்களில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்குக் கதிர் எடுக்கும்போதும் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் சிகிச்சை குறைவாகவே பலித்தது என்று 1993 இல் கனடாவில் இருந்து வந்த ஓர் ஆய்வு காட்டியது. வந்த பிறகு விட்டென்ன என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்: கதிரின் பலம் நீங்கள் புகைப்பதா இல்லையா என்பதிலும் தங்கியிருக்கிறது.

வெண்குழியங்களின் பங்கு இன்னும் விசித்திரமானது. கட்டிக்குள் வெண்குழியங்கள் இருப்பதை 1863 இலேயே ருடொல்ஃப் விர்ச்சோ பார்த்திருக்கிறார். ரீ (T) கலங்கள் என்று ஒரு வகை, அவை புற்றுக் கலத்தை இனங்கண்டு கொல்லக்கூடியவை. பெருந்தின்குழியங்கள் என்று இன்னொரு வகை, கிருமியையும் கழிவையும் விழுங்குபவை, ஆனால் கட்டிக்குள் வந்த பிறகு பல நேரம் காயம் ஆற்றும் குணத்துக்கு மாறி, குருதிக்கலன் வளர உதவி, ரீ கலங்களை அடக்கி, புற்றுக்கே துணையாகிவிடுகின்றன. ரீ கலங்களின் மேற்பரப்பில், அவை அளவுக்கு மிஞ்சிச் சொந்த உடம்பையே தாக்காதபடி அடங்க வைக்கும் புரதங்கள் உண்டு. புற்றுக் கலமும் சுற்றி இருக்கும் கலங்களும் அந்தப் புரதத்தைப் பிடித்து ரீ கலத்தை அடங்க வைத்துவிடுகின்றன. அந்தப் பிடியைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழி திறந்ததற்காகத்தான் 2018 இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகையில் முதலாவது மருந்து 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு அது முன்பு நினைத்தும் பார்க்க முடியாத பலனைத் தருகிறது, பலருக்குத் தருவதில்லை. ரீ கலங்கள் ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கும் கட்டியில் மருந்து வேலை செய்யும் வாய்ப்புக் கூட. அவை வெளியே நாருக்கு அப்பால் நின்றுவிட்ட கட்டியிலோ, வரவே இல்லாத கட்டியிலோ வாய்ப்புக் குறைவு. இந்த மருந்துகள் மிகவும் விலை கூடியவை. ஆகவே காணியை ஈடு வைக்க முன் இந்த மருந்து என் கட்டிக்கு உதவும் என்று காட்டுகிற பரிசோதனை ஏதும் செய்தீர்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்போ சுற்றி இருக்கும் நாரையெல்லாம் அழித்துவிட்டால் சரிதானே? அப்படித்தான் நினைத்தார்கள். 2014 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளின் கணையப் புற்றில் நார் சார்ந்த கலங்களை அகற்றிப் பார்த்தபோது கட்டி இன்னும் மூர்க்கமாக வளர்ந்தது. நாரரும்பர்களில் சில புற்றைத் தடுத்தும் வைத்திருந்தன. நாரின் ஒரு கூறைக் கரைக்கும் மருந்தை மனிதரில் பெரிய அளவில் சோதித்ததும் 2019 இல் தோல்வியில் முடிந்தது. இப்போது அழிப்பதை விட்டு, எந்தக் கலம் உதவுகிறது, எது கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள்.

இந்த ஆய்வுகளில் இருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வட்சப்பில் சுற்றுகிற ஒரு செய்தி இருக்கிறது: புற்று அமிலத்தில் வளரும், ஆகவே எலுமிச்சம் சாறும் அப்பச்சோடாவும் குடித்தால் உடம்பு காரமாகிப் புற்று செத்துவிடும். கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை கூட என்பது உண்மை. ஆனால் அதை உண்டாக்குவது கட்டிதான், குளுக்கோசை அது எரிக்கிற விதத்தால் வரும் கழிவு அது. எங்கள் குருதியின் அமில-கார அளவு (பீஎச்) 7.35 க்கும் 7.45 க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, சாப்பாட்டால் அதை அசைக்க முடியாது. அப்பச்சோடாவை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் உடம்பின் உப்புச் சமநிலை கெட்டு ஆபத்தாகிவிடும், அதுவும் கீமோ எடுக்கிற ஒருவருக்கு. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, பயொப்சி அல்லது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வருகிற நோயியல் அறிக்கை. அதில் புற்றின் பெயரோடு சுற்றுப்புறத்தைப் பற்றியும் நாலைந்து வரி இருக்கும். வெட்டிய விளிம்பில் புற்றுக் கலம் இருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா, குருதிக்கலனுக்குள்ளோ நிணநீர்க் கலனுக்குள்ளோ புகுந்திருக்கிறதா, வெட்டி எடுத்த நிணநீர்க் கணுக்கள் எத்தனை, அவற்றில் எத்தனையில் புற்று இருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கதிர் வேண்டுமா, கீமோவும் வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது வைத்தியர்கள் இந்த வரிகளையும் பார்க்கிறார்கள். அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரும், அதனால் வீட்டில் கொண்டுபோய்ச் சீலைப் பைக்குள் வைத்துவிடாமல், படம் எடுத்து ஒரு பிரதி பிள்ளைகளின் தொலைபேசியிலும் வைத்துக்கொண்டு, அடுத்த கிளினிக்கில் இந்த நாலு விஷயத்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிளிநொச்சியில் காட்டினாலும் தெல்லிப்பழையில் காட்டினாலும் மகரகமவில் காட்டினாலும் மூலப்பிரதி எப்போதும் கையில் இருக்கட்டும்.